கனாக் காணாத ஒருத்தன்

போடிமெட்டுல இருந்து முந்தலுக்கு இறங்குற 17 கொண்டை ஊசியில எந்த வளைவுலடா மாப்ளே அந்த வெள்ளைச் சீலையைப் பாத்தே? பேய்க்கு வேற சோலியே இல்லாம, ஏலக்கா மூட்டை ஏத்துற உன் ஜீப்புக்குத்தான் காத்துக் கிடந்துச்சாக்கும்!

எனக்கு என்னமோ வேற சந்தேகம். போன சீசன்ல கூலிக் கணக்குல நாலு நாள் விட்டுப் போச்சுன்னு பொம்பளையாளுக சத்தம் போட்டாகளே, அந்த நோட்டு இன்னமும் உன் பெட்டியிலதான கிடக்கு? ஆளு பாத்துத்தான் நிக்கிது பேயி.

சீமையில ஷேக்ஸ்பியர் எழுதின மக்பெத் நாடகத்துலயும் இதே கூத்துத்தான். கூட்டாளியைக் கொல்லச் சொல்லிட்டு விருந்து வைக்கிறான் ஒருத்தன். செத்தவன் வந்து இவன் ஆசனத்துல சம்மணம் போடாத குறையா உக்காந்துக்கிறான். மத்தவுக கண்ணுக்கு அது வெறும் ஆசனம். பம்மல் சம்பந்த முதலியார் அதைத் தமிழுக்குக் கொண்டாந்து ‘மகபதி’ன்னு பேரு வச்சாரு.

நம்ம பக்கத்துல சங்கரதாஸ் சுவாமிகள் இருந்தாரு. எமன், சனீஸ்வரன்னு அவரு வேசம் கட்டி வந்தா சனம் நடுங்குமாம். அந்த எமனைப் பாத்த பயத்துல ஒரு புள்ளத்தாச்சிக்குக் கர்ப்பம் கலைஞ்சு போச்சுன்னும், அதோட மனுசன் வேசம் கட்டுறதையே விட்டுட்டாருன்னும் நாடகக்காரவுக சொல்லுவாக. சாயத்தைப் பூசி நடிச்சதுக்கே அவருக்கு அம்புட்டு உறுத்தல். நீ நோட்டையே மறைச்சு வச்சுக்கிட்டு மத்தியானம் குறட்டை விடுற.

அவரு எழுதின கோவலன் நாடகத்துக்குத்தான் அன்னைக்கு உன்னையக் கூட்டிட்டுப் போனேன். பபூன் உள்ள போனதும் நீ சாஞ்சுட்டே. அதனால இளங்கோவடிகள் சொன்ன மூலக் கதையையே சொல்றேன், கேளு. அதுல திகில் பேயைக் காட்டி வராது, கனாவைக் காட்டி வரும். புகார்ல இருக்கப்பவே கண்ணகி கனாக் காண்றா. தெரியாத ஊருல, தேளைத் தூக்கி மேல போட்ட மாதிரி ஒரு பழி வந்து விழுது. மதுரைக்கு வெளிய கோவலனும் காண்றான், துணியை உருவிட்டு எருமை மேல ஏத்துறாகளாம். சிலம்பை விக்கப் போற அன்னைக்கு ஒரு காளை எதுக்க முட்ட வருது, அவன் பாட்டுக்குப் போறான். ஆயர் வீட்டுல பால் உறையல, வெண்ணெய் உருகல. கடைசியா அரமனையில ராணி காண்றா. செங்கோலும் குடையும் சாயுது, வாசல் மணி நடுங்குது. அதைச் சொல்லி வாய் மூடலை, ஒத்தைச் சிலம்போட கண்ணகி வாசல்ல நிக்கிறா.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு பாத்தியா? ராணியோட சிலம்பைக் களவாண்டு பழியைக் கோவலன் மேல போட்ட பொற்கொல்லனுக்கு மட்டும் கனாவே கிடையாது. பய நல்லாத் தூங்கிருக்கான்!

விசாரிக்காமத் தீர்ப்புச் சொன்ன பாண்டியன் சிம்மாசனத்துலயே விழுந்து செத்தான், பின்னாலயே ராணி. அடைக்கலமா வந்தவுகளைக் காப்பாத்தலையேன்னு அந்த ஆயர் வீட்டு மாதரி தீயில விழுந்தா. வழித்துணையா வந்த கவுந்தியடிகள் பட்டினி கிடந்தே போய்ச் சேந்தாக. இவுகள்ல யாரு களவாண்டா? பெறகு கொற்கைப் பாண்டியன் ஆயிரம் பொற்கொல்லரைப் பலி குடுத்தானாம். ஒருத்தன் களவுக்கு ஆயிரம் தலை. இந்த நியாயம் எனக்குச் செரிக்கவே இல்லடா.

அதனால நீ ராத்திரியில பயந்து சாகுறதுல மாமனுக்கு உள்ளூரச் சந்தோசம்தான். கனாவே வராத ஆளா இருந்தா உனக்கு எம் பொண்ணைக் குடுக்கவே யோசிப்பேன்.

பேய்க்கு எலுமிச்சம்பழம் அறுத்துக் காசைக் கரைக்காத. சனிக்கிழமை சம்பளத்தோட அந்த நாலு நாளையும் சேத்து எண்ணி வையி. அப்பறம் சித்திரா பௌர்ணமிக்கு மங்கலதேவி கண்ணகி கோட்டத்துக்குப் போவோம். புலிக்காட்டுக்குள்ள வருசத்துல அந்த ஒரு நாள்தான் விடுறாக. கூடலூர்ப் பக்கம் பளியங்குடியில இருந்து நடக்கலாம், இல்லாட்டி குமுளியில ஜீப் ஏறலாம். அந்தக் கண்ணகிதான் சேர ராசா செங்குட்டுவன் முன்னால ஆகாசத்துல வந்து நின்னு, பாண்டியன் மேல குத்தமில்ல, நான் அவன் மகள்னு சொன்னவ. மதுரையை எரிச்சவளே மனசு எறங்கிட்டா. ஆனா நம்ம எஸ்டேட்டுப் பொம்பளையாளுக அப்பிடி எறங்குவாகளாங்கிறது எனக்குச் சந்தேகம்தான். நோட்டோட போறப்ப தலைப்பாகையைக் கொஞ்சம் கெட்டியாவே கட்டிக்க.