சும்மா வந்த வக்கீல்

(ஒரத்தநாடு சாலையில் ஒரு லேத்துப் பட்டறை. குறுவை நடவு முடிந்து களை எடுக்கும் காலம். காசில்லாத கண்டுபிடிப்பாளர்களுக்கு இலவசமாகக் காப்புரிமை மனு எழுதித்தரும் பேட்டன்ட் ஏஜென்ட் ஒருவர் சென்னையிலிருந்து வந்திருக்கிறார்.)

பட்டறைக்காரர்: தானமா வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பார்க்கக் கூடாதும்பாங்க. நான் பார்ப்பேன். ஏம்மா ஃபீஸ் வாங்க மாட்டேங்கிறீங்க? மெட்ராஸ்ல கட்சிக்காரனே கிடைக்கலையா?

ஏஜென்ட்: கிடைக்கிறாங்க அண்ணே. கம்பெனிக்கு எழுதுற கையாலதான் உங்களுக்கும் எழுதப்போறேன். சர்க்காருக்கு மட்டும் நீங்க கட்டணும். ஆன்லைன்ல மனுவுக்கு 1,600, பரிசோதனைக்கு 4,000. பெரிய கம்பெனின்னா 8,000, 20,000.

பட்டறைக்காரர்: அட, அவ்வளவுதானா! அப்ப நானே எழுதிப்புடலாமே?

ஏஜென்ட்: தாராளமா. என்ன எழுதுவீங்க?

பட்டறைக்காரர்: களை எடுக்கிற கோனோ வீடரை வயல்ல தள்ளினா நம்ம களிமண்ணு கூம்புப் பல்லுல அப்பி உருண்டையாயிடும். பத்தடிக்கு ஒருக்கா நின்னு கையால வழிக்கணும். பழைய சைக்கிள் மட்கார்டை வெட்டித் தகடா வச்சேன், அதுவே சுரண்டிக்குது.

ஏஜென்ட்: அப்படியே எழுதினா பக்கத்து ஊர்க்காரர் ஸ்கூட்டர் தகட்டை வச்சுட்டு, "இது மட்கார்டு இல்லையே"ன்னு போயிடுவார். "சுழலும் உறுப்பின் பரப்பில் ஒட்டிய பொருளை நீக்கும் விலக்கு உறுப்பு"ன்னு எழுதணும்.

பட்டறைக்காரர்: சேறுங்கிற சொல்லே காணோமே!

ஏஜென்ட்: இருந்தா சேத்தோட நின்னுடும். இப்ப சாணி, சிமென்ட்டு எல்லாம் உங்களுது.

பட்டறைக்காரர்: அப்ப களை எடுக்கிற முறைக்கும் சேர்த்து வாங்கிப்புடுங்க. வரப்புல உக்காந்து வசூல் பண்றேன்.

ஏஜென்ட்: விவசாய முறைக்குக் கிடையாது, சட்டத்தோட 3-வது பிரிவு தடுக்குது. கருவிக்கு மட்டும்தான். குஜராத்துல மோட்டார் பைக்கை ஏர் ஓட்ட மாத்தினாரே மன்சுக்பாய் ஜகானி, அவருக்கு அமெரிக்க பேட்டன்ட்டே கிடைச்சுது. சரி, இதை வெளியில யாருக்காவது காட்டினீங்களா?

பட்டறைக்காரர்: காட்டாமலா? விவசாயக் கண்காட்சியில முதல் ஸ்டால் நம்மளுது. நாலு ஊருக்கு வித்தும் இருக்கேன்.

ஏஜென்ட்: போச்சு! மனு போடறதுக்கு முன்னாடி ஊரறிஞ்சா அது புதுசு இல்லேன்னு தள்ளிடுவாங்க. மத்திய சர்க்கார் கெஜட்டுல அறிவிச்ச கண்காட்சியா?

பட்டறைக்காரர்: மந்திரி வந்து ரிப்பன் வெட்டினாரும்மா.

ஏஜென்ட்: சட்டம் கத்தரிக்கோலைக் கேக்கலை, கெஜட்டைக் கேக்குது. அது இருந்தா 12 மாசம் தவணை உண்டு.

பட்டறைக்காரர்: இலவச வக்கீல் வருவார்னு தெரிஞ்சிருந்தா சாக்கு போட்டு மூடி வச்சிருப்பேனே! இந்த ஊருக்கு முதல்ல ஸ்டால்காரன் வர்றான், கடைசியாத்தான் நீங்க வர்றீங்க.

ஏஜென்ட்: அதுவும் வாஸ்தவம். அதுக்கப்புறம் புதுசா எதையாவது மாத்தினீங்களா?

பட்டறைக்காரர்: தகட்டுக்குப் பின்னாடி ஸ்பிரிங்கு வச்சிருக்கேன். கல்லு மாட்டினா பின்வாங்கும்.

ஏஜென்ட்: அதை யாரும் பார்க்கலையே?

பட்டறைக்காரர்: மச்சான் மட்டும்தான்.

ஏஜென்ட்: அவர் யார்கிட்டயும் சொல்லலையே?

பட்டறைக்காரர்: சொல்ல மாட்டான், வீடியோதான் போடுவான். அதோ வாசல்ல நிக்கிறான் பாருங்க. கொஞ்சம் சிரிங்க, லைவ் போய்க்கிட்டிருக்கு.