மொதல்ல புஷ்ஷை மாத்து, கண்ணு

நீ தாட்டிவிட்ட கியர் அட்ஜஸ்டர் படத்தைப் பாத்தேன் கண்ணு. கண்ணாடி போட்டும் பாத்தேன், கழட்டிப்போட்டும் பாத்தேன். சும்மா சொல்லக்கூடாது, நகைக்கடையில பெட்டிக்குள்ள வெக்க வேண்டிய சாமான். அலுமினியத்துல கடைஞ்சு, செவப்புச் சாயம் ஏத்தி, உன்ற பேரையும் லேசர்ல பொறிச்சிருக்க. இத்தனை சிங்காரத்தையும் எங்க கொண்டுபோயி மாட்டப் போற? பழைய போர்ஷே 911-ல, பின்சீட்டு ரெண்டுக்கும் நடுவுல, கார்ப்பெட்டுக்கும் கீழ, ஒரு சின்ன மூடிக்கும் கீழ. அங்க வந்து உன்ற பேரைப் படிக்கப் போறது எலி ஒண்ணுதான். ஸ்டுட்கார்ட்டு எலிக்குத் தமிழ் தெரியாதுன்னு இங்கிலீசுல பொறிச்சிருக்க பாரு, அந்த முன்யோசனைய நான் மெச்சறேன்.

எகத்தாளம் பண்றேன்னு கோவிச்சுக்காத. கோளாறு எங்கன்னு சரியாத்தான் புடிச்சிருக்க. அந்தக் காருக்கு எஞ்சின் வால்ல, அதுக்கு முன்னால கியர்பாக்ஸ். கியர் லீவரோ ஓட்டறவன் கைக்கு வாகா முன்னால நிக்குது. நடுவுல டனலுக்குள்ள நீளமா ஒரு ராடு. அந்த ராடுக்கு ரெண்டு வேலை. முன்னும் பின்னும் தள்ளினா கியர் விழும். இடமும் வலமும் திரும்பினா எந்த வரிசைன்னு மாறும்; 915ங்கற கியர்பாக்ஸுன்னா ஒண்ணும் ரெண்டுமா, மூணும் நாலுமா, அஞ்சும் ரிவர்ஸுமா. ராடு போயி கியர்பாக்ஸ் தண்டோட சேர்ற எடத்துல ஒரு கப்ளர், அதுகூட ஒரு கிளாம்ப், கிளாம்ப்புக்கு ஒத்தைப் போல்ட்டு.

வம்பே அந்த ஒத்தைப் போல்ட்டுலதான். அதைத் தளத்தினா நீளமும் தளந்துபோகுது, திருப்பமும் தளந்துபோகுது. நீளத்தைச் சரிபண்ணப் போனா திருப்பம் நழுவும், திருப்பத்தைப் புடிச்சா நீளம் நழுவும். ரெண்டையும் ஒரு கையில புடிச்சு நிறுத்திப்போட்டு இன்னொரு கையில ஸ்பேனர் போட்டா, இறுக்கற இறுக்குலயே ரெண்டும் ஒரு மயிரிழை நகரும். நீளத்துக்குத் தனியா ஒண்ணு, திருப்பத்துக்குத் தனியா ஒண்ணுன்னு பிரிச்சு வெக்கோணும்னு உனக்குத் தோணிச்சே, அது போதும். உங்கொப்பனுக்கு இத்தனை தோணியிருந்தா பட்டறைய மூடியிருக்க மாட்டோம்.

ஆனா தோணினதைச் செஞ்சிருக்கற லட்சணம் இருக்குதே! ராடுக்கு ஒரு பக்கம் வலது மரை, மறுபக்கம் இடது மரை போட்டு, நடுவுல டர்ன்பக்கிள் மாட்டியிருக்க. இழுத்துப் புடிக்கற கம்பிக்கு அது சரி. இது முறுக்கற ராடாச்சே கண்ணு. லீவரை இடமும் வலமும் ஆட்டறப்பல்லாம் அந்த முறுக்கு உன்ற மரை வழியாத்தான் போயாகோணும். செக் நட்டு ஒரு சித்தெ தளந்துதுன்னா, ஓட்டறவன் மூணாவது கியரைத் தேடறப்ப உன்ற அட்ஜஸ்டர் தானா அட்ஜஸ்ட் ஆயிக்கும். பொறவு மரை கழண்டது காருக்கா, செஞ்சவனுக்கான்னு நாலு பேரு பேசுவான்.

அதனால வேலையப் பிரிச்சுக் குடு. முறுக்கைத் தாங்க, நீளவாக்குல பல்லு வெட்டின தண்டும் அதும்மேல வழுக்கற குழாயும் போடு. தள்ளறதையும் இழுக்கறதையும் பாத்துக்கத் தனியா ஒரு திருகு போதும். அவனவன் வேலைய அவனவன் பாத்தா நடுவுல பஞ்சாயத்துக்கு ஆளே வேணாம்.

மரைக் கணக்கையும் பாத்துக்க. 1.25 மி.மீ. பிட்ச்சுல வலதும் இடதுமாப் போட்டா, ஒரு சுத்துக்கு 2.5 மி.மீ. நகரும். ஆறு மூலை நட்டுல ஒரு முகம் திருப்பினா 0.4 மி.மீ. சொச்சம். கை தடவித் திருப்பறவனுக்கு அது போதும். இன்னும் நைசா வேணும்னு உனக்கு அரிச்சுதுன்னா, ரெண்டு பக்கமும் வலது மரையே போட்டு, ஒண்ணு 1.5, இன்னொண்ணு 1.25ன்னு வெச்சுப் பாரு. ஒரு சுத்துக்குக் கால் மி.மீ.தான் நகரும். கேக்க நல்லா இருக்குதில்ல? அஞ்சு மி.மீ. நகத்தோணும்னா இருபது சுத்து. பின்சீட்டுல மண்டிபோட்டு அந்தச் சின்னப் பொந்துக்குள்ள கையை வுட்டுக்கிட்டு இருக்கறவன், பத்தாவது சுத்துலயே நம்ம வம்சத்தைத் திட்ட ஆரம்பிச்சுருவான். வம்சத்துல நானும் இருக்கறேன், ஞாபகம் வெச்சுக்க.

திருப்பத்துக்கு என்னமோ புதுசாக் கண்டுபுடிக்கோணும்னு ராத்திரியெல்லாம் முழிச்சிருந்தேன்னு எழுதியிருக்க. முழிச்சிருந்த நேரத்துக்கு அதே காருக்கு அடியில குனிஞ்சு பாத்திருக்கலாம். 1989 வரைக்கும் வந்த 911-க்கு பின்சக்கரத்தைத் தாங்கறது டார்ஷன் பாரு, முறுக்கிக்கிட்டே தாங்கற கம்பி. அந்தப் பாருக்கு உள்முனையில 40 பல்லு, வெளிமுனையில 44 பல்லு. 40 பல்லுன்னா ஒரு பல்லுக்கு 9 டிகிரி. 44ன்னா 8.2 டிகிரிக்குக் கொஞ்சம் கம்மி. ஒரு முனைய ஒரு பல்லு இந்தப் பக்கமும், மறுமுனைய ஒரு பல்லு அந்தப் பக்கமும் மாத்திப் போட்டா, மிச்சம் நிக்கறது சுமார் 0.8 டிகிரி. பெரிய பெரிய பல்லை வெச்சே சின்னத் திருப்பம் எடுத்துப்போட்டான் பாரு. வழுக்காது, இறுக்கறப்ப நகராது, ஒடைஞ்சாலொழிய மாறாது. அந்தக் கணக்கை ஒரு சின்ன ஸ்லீவுல வெட்டினா உனக்கு வேணுங்கறது கெடைச்சுது. அவங்க வீட்டுச் சாமானைப் பாத்து அவங்களுக்கே செஞ்சு விக்கறதுல ஒரு வெக்கமும் இல்ல.

அலுமினியத்தையும் கொஞ்சம் யோசி. இரும்பு போல்ட்டை அலுமினிய மரையில நாலு தடவை இறுக்கிக் கழட்டினா மரை கையோட வந்துரும். அதுக்குப் பயந்து எல்லாத்தையும் ஸ்டெயின்லெஸ்ல செஞ்சுப்போடாத. ஸ்டெயின்லெஸ்ஸும் ஸ்டெயின்லெஸ்ஸும் உரசினா ஒண்ணை ஒண்ணு கவ்விக்கும், ரம்பம் போட்டுத்தான் பிரிக்கோணும். சாதா ஸ்டீல், மேல துத்தநாகப் பூச்சு, கொஞ்சம் கிரீசு. படம் எடுத்துப்போட்டா ஒருத்தனும் லைக் போடமாட்டான், ஆனா காரு ஓடும்.

இன்னொண்ணு: அந்த டனலு உனக்கு மட்டும் பட்டா போட்ட எடமில்ல. கிளட்ச் கேபிளும் ஆக்ஸிலேட்டர் ராடும் அதே வழியாத்தான் போகுது. உன்ற அட்ஜஸ்டர் தடியா இருந்து எதிலயாச்சும் உரசினா, கியர் மாத்தப் போனவனுக்கு காரு தானா வேகம் எடுக்கும். போர்ஷேக்காரனுக்கு அது புடிக்கும்தான், இருந்தாலும் வேணாம்.

இப்ப வெல்லத்துல மறைச்சு வெச்ச மாத்திரைக்கு வர்றேன். உன்ற சரக்கை வாங்கப் போறவன் என்னன்னு சொல்லிக்கிட்டு வருவான்? "லீவர் கொழகொழன்னு ஆடுது, கியர் எங்கிருக்குதுன்னே தெரியறதில்ல"ம்பான். அது அட்ஜஸ்ட்மென்ட் கோளாறே இல்ல கண்ணு, தேய்மானம். கப்ளருக்குள்ள பிளாஸ்டிக் புஷ்ஷு இருக்குது. லீவர் உருண்டைக்கு அடியில ஒரு கிண்ணம், ராடு நுழையற எடத்துல இன்னொரு புஷ்ஷு. முப்பது நாப்பது வருசச் சூட்டுல அதெல்லாம் காய்ஞ்சு, வெடிச்சு, பொடியாக் கொட்டியிருக்கும். கீழ ஒரு மி.மீ. ஆட்டம் இருந்தா மேல கைப்புடியில அது பல மடங்காத் தெரியும். கியர்பாக்ஸைத் தாங்கற ரப்பர் மவுண்ட்டு செத்திருந்தா, ராடு சரியா இருந்தும் கியர்பாக்ஸே நவுந்துக்கிட்டு இருக்கும். நீ எத்தனை நைசா அட்ஜஸ்ட் பண்ணினாலும் ஆடற சாமானை ஆடாம நிறுத்த முடியுமா? நீ கூட்டற ஒவ்வொரு சேர்மானமும் தன் பங்குக்கு ஒரு ஆட்டத்தைக் கொண்டுவரும், அதையும் மறந்துபோடாத.

நம்மூர்ல அம்பாசடருக்கு ஸ்டியரிங் கம்பத்துல கியர் இருந்த காலத்துலயும் இதேதான். நட்டநடு ரோட்டுல மாட்டிக்கும். டிரைவரு எறங்கி, பானெட்டைத் தூக்கி, லிங்க்கைக் கையால ஒரு தட்டுத் தட்டிப்போட்டு ஏறி உக்காருவான். தேய்ஞ்ச லிங்க்கை மாத்துடான்னா மாத்தமாட்டான். தட்டறது இலவசம், லிங்க்குக்குக் காசு. உன்ற கிராக்கி கையில காசு இருந்தும் அதே சாதிதான். பத்து யூரோ புஷ்ஷு அவன் கண்ணுக்குத் தெரியாது, இருநூறு யூரோ அட்ஜஸ்டர்தான் தெரியும்.

இன்னொரு கூட்டம் வரும். "ஒண்ணுலேர்ந்து ரெண்டுக்கு வேகமா இழுத்தா கர்ருங்குது"ம்பான். 1972-லேர்ந்து 1986 வரைக்கும் வந்த 915 கியர்பாக்ஸா இருந்தா, அவன்கிட்ட மரியாதையாச் சொல்லு: கியர் சேர்றப்ப ரெண்டு வேகத்தையும் ஒத்துப்போக வெக்கற சின்க்ரோ அதுல போர்ஷேக்காரன் தானே ரோசனை பண்ணினது, அதுக்கு ஒரு மூச்சு அவகாசம் வேணும். 1987-ல வந்த ஜி50 வேற ஜாதி, அவசரத்தைக் கொஞ்சம் பொறுத்துக்கும். அந்த மூச்சு நேரம் பொறுக்காதவனுக்கு நீ ராடுல அட்ஜஸ்டர் வெக்கக்கூடாது, முழங்கையில வெக்கோணும். அதுக்கு மரைக் கணக்கு என்கிட்ட இல்ல.

நெசமாவே அட்ஜஸ்டர் வேணுங்கறவன் யாருன்னு கண்டுபுடிக்க ரெண்டு அடையாளம் சொல்றேன், ஒரு துண்டுச்சீட்டுல அச்சடிச்சுப் பெட்டிக்குள்ள போடு. கியர் விழுந்துது, ஆனா மேடு ஏறறப்ப தானா வெளிய குதிக்குதுன்னா, பல்லு முழுசாச் சேரலைன்னு சந்தேகப்படு. நீளத்தைப் பாரு. அதை வுட்டுவெச்சா பல்லோட மொனை மழுங்கி, பொறவு நீளம் சரியானாலும் குதிச்சுக்கிட்டே இருக்கும். வரிசை மாறி விழுதுன்னா, நாலைத் தேடினவனுக்கு ரிவர்ஸ் பக்கம் முட்டுதுன்னா, திருப்பத்தைப் பாரு. ரெண்டும் இல்லாம வெறுமனே கொழகொழன்னா புஷ்ஷு. எழுத்தைப் பெருசாப் போடு. இந்தக் காரை வெச்சிருக்கறவன் பாதிப்பேரு என்ற வயசு.

அவங்க மனசையும் தெரிஞ்சுக்க. காருல ஒரு ஓட்டை போடச் சொன்னா கண்ணுல தண்ணி வுடுவாங்க. இந்தக் காரை 1963-ல பிராங்பர்ட் கண்காட்சியில போர்ஷேக்காரன் 901ன்னு பேரு வெச்சுத்தான் காட்டினான். நடுவுல சைபர் போட்ட நம்பரெல்லாம் எங்களுதுன்னு பிரான்சு தேசத்துப் பெஜோக்காரன் மொறைச்சதும் 911ன்னு மாத்திக்கிட்டான். கம்பெனிக்காரன் பேரையே அட்ஜஸ்ட் பண்ணிக்கிட்டான், வெச்சிருக்கறவன் ஒரு வாஷரை மாத்தச் சம்மதிக்கமாட்டான். அதனால அறுக்காம, பத்தவெக்காம, துளை போடாம மாட்டற மாதிரி செய்யி. பழைய கப்ளரையும் கிளாம்ப்பையும் போட்டு வெக்க ஒரு துணிப்பையும் கூடக் குடு. திரும்ப மாட்டிக்கலாம்கற தெம்பு இருந்தாத்தான் அவன் மாட்டவே சம்மதிப்பான். மாட்டினவன் கழட்டறதில்ல, சோம்பேறித்தனம் எல்லா தேசத்துலயும் ஒண்ணுதான்.

யாவாரத்துக்கும் ஒரு வழி சொல்லிப்போடறேன். பெட்டிக்குள்ள மேலாக்கப் புஷ்ஷு செட்டை வெய்யி, அடியில அட்ஜஸ்டரை ஒட்டுப்போட்டு மூடி வெய்யி. "மொதல்ல புஷ்ஷை மாத்துங்க. கோளாறு தீந்துபோச்சுன்னா அடிப்பெட்டியப் பிரிக்காமத் திருப்பி அனுப்புங்க, பணம் வாபஸ்"னு எழுது. பத்துல பலபேருக்குப் புஷ்ஷுலயே தீந்துரும். நட்டம்னு பதறாத. திருப்பி அனுப்பறவன் தபாலாபீசு வரைக்கும் போகோணும். பாதிப்பேரு போகமாட்டான். போனவன், காசு திருப்பிக் குடுத்தவன்னு உன்னைப் பத்தி ஊரெல்லாம் சொல்லுவான்.

எல்லாத்தையும் மாத்தியும் சரியாகலைன்னு எவனாச்சும் போன்ல கத்தினா நீயும் கூடக் கத்தாத. "கிளாம்ப் போல்ட்டை இறுக்கினீங்களா?"ன்னு மட்டும் கேளு. அந்தப் பக்கம் சித்தெ சத்தமில்லாம இருக்கும், பொறவு லைனு கட்டாயிரும்.