ஆயுசுக்கும் ஒரே ஆயில்

"கியர் ஆயில் ஆயுசுக்கும் மாத்த வேண்டாம் சார்" என்பார்கள், ஆட்டோமேட்டிக் கார் விற்கும்போது. யாருடைய ஆயுசு என்று கேட்டால், வாரன்டி அட்டையில் போட்டிருக்கும் வருஷத்தைக் காட்டுவார்கள்.

சரி, வீட்டிலேயே மாற்றிவிடுவோம் என்று முதன்முதலாகக் காருக்கடியில் படுப்பவர், எடுத்த எடுப்பிலேயே கீழ்ப்பக்க டிரெயின் போல்ட்டைக் கழற்றுகிறார். சிவப்பாக இருக்க வேண்டிய ஆயில் கறுத்துக் கொட்டுகிறது. பரம திருப்தி. அப்புறம்தான் தெரிகிறது, புதுசு ஊற்றும் துளையின் மூடி துருப்பிடித்து அசைய மறுப்பது. கைதேர்ந்த மெக்கானிக் மேல்மூடி கழல்கிறதா என்று பார்க்காமல் கீழே ஸ்பானரே வைக்கமாட்டார்.

கொட்டியதும் முழுசு இல்லை. ஏறக்குறைய பாதி, டார்க் கன்வர்ட்டர் முதலிய உள் பாகங்களில் நிம்மதியாக இருக்கும். ஆக, நடக்கப்போவது கூட்டணி ஆட்சிதான். அளவு பார்க்கலாமென்றால் பல வண்டிகளில் டிப்ஸ்டிக்கே கிடையாது. வண்டி மட்டமாக நிற்க வேண்டும், எஞ்சின் ஓட வேண்டும், ஆயில், கார் கம்பெனி சொன்ன சூட்டில் இருக்க வேண்டும். அப்போது அளவு பார்க்கும் துளையில் மெல்ல வழிந்தால் சரியான அளவு.

மெக்கானிக் கூலி மிச்சம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்ளலாம். ஜாக், ஸ்டாண்டு, பம்ப், தெர்மாமீட்டர் வாங்கிய பில்லை மட்டும் வீட்டில் யார் கண்ணிலும் காட்டக் கூடாது.