பழுப்புக் கோட்டுக்கு மூச்சு வாங்காது, பேராண்டி!

வா கண்ணு, இப்படித் திண்ணையில குந்து. கையில என்ன, சேர்வராயன் மலை வரைபடமா? பிளாஸ்டிக் உறை, தோள்ல டிரோன், மணிக்கட்டுல ஜிபிஎஸ்! மாப்பிள்ளை அழைப்புக்குக்கூட இத்தனை ஜோடிப்பு கிடையாதுடா.

சரி, விரி. பச்சை காடு, நீலம் ஓடை, பழுப்புக் கோடு உசரம். 50,000-க்கு ஒண்ணுன்னு போட்டிருக்கா? அப்போ உன் கட்டைவிரல் அகலம் கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டரு. "பக்கந்தான் தாத்தா, நடந்துரலாம்"ங்கறியா? கோடுங்க எப்படி நெருக்கியடிச்சு நிக்குது பாரு. ஒவ்வொண்ணும் 20 மீட்டர் ஏத்தம். சேலத்துலருந்து ஏற்காடு போய்ச் சேர ஐம்பது, அறுபது கோடு தாண்டணும். கோட்டுக்கு மூச்சு வாங்காது சாமி, உனக்கு வாங்கும்.

படத்தை நான் பழிக்கலை. 1802-ல பரங்கிமலைகிட்ட லாம்டன்னு ஒரு வெள்ளைக்காரத் துரை சங்கிலி போட்டு நாட்டை அளக்க ஆரம்பிச்சாரு. அரை டன் கருவியை ஆளுங்க சுமந்துக்கிட்டு ஊர் ஊராப் போனாங்க. கால் தேஞ்சு வந்த படம்டா இது. நீ ஏசியில உக்காந்து பெருசு பண்ணிப் பார்க்கறே.

இப்போ உச்சிக்கு வா. அங்க கோடு விலகி விலகிக் கிடக்கா? சமதரைன்னு அர்த்தம். அந்த மாதிரி மேட்டுலதான் பாக்சைட்டு. மேட்டூர் அலுமினிய ஆலைக்காக வருசக்கணக்கா வெட்டுனாங்க. ஆழமாத் தோண்ட வேண்டாம், மேல் மண்ணைத் தள்ளுனாப் போதும். படிச்ச மவராசன் விடுவானா? சிவப்புப் பேனாவை எடுத்து அங்கயே வட்டம் போட்டுருவான்.

விரலைக் கொஞ்சம் கீழ நகர்த்து. நீலக் கோடுங்க எங்க முளைக்குது? அந்தச் சமதரையோட ஓரத்துலதானே? அந்தக் கல்லு பூராவும் பொடிப்பொடி ஓட்டை. மழையை உறிஞ்சி வெச்சிக்கிட்டு, கொஞ்சங்கொஞ்சமா ஊத்துல விடும். ஒரே தாளு, ரெண்டு விரக்கடை தள்ளி எழுதியிருக்கு. அந்த நீலக் கோடு மட்டும் துரைமார் கண்ணுக்கு ஏன் தெரிய மாட்டேங்குது?

"வெட்டுன குழியை மூடி மரம் வெச்சிருவோம்"பாங்க. தாள்ல பச்சை அடிக்க எத்தனை நேரம் ஆகும்? வரிசை பிடிச்சு நட்ட கன்னு சோலையாயிருமா?

வட்டம் போட வர்றவங்க யாரா இருந்தாலும், சித்திரை வெயில்ல அந்த நீலக் கோட்டோட நுனி வரைக்கும் நடந்துபோயி, ஒரு கை தண்ணி அள்ளிக் குடிச்சிட்டு வரச் சொல்லு. பேனா மூடியை அப்புறம் திறக்கலாம்.