அப்படியே இருக்கு!

ஊர் சுற்றுகிறவர்களில் கோயிலுக்காகப் போகிறவர் உண்டு, சாப்பாட்டுக்காகப் போகிறவர் உண்டு, போய்விட்டு வந்தேன் என்று சொல்வதற்காகவே போகிறவரும் உண்டு. இவர்கள் யாரோடும் ஒட்டாமல் தனியாக ஒரு ரகம் கிளம்பியிருக்கிறது. டிவி சீரியலில் பார்த்த இடத்தை நேரில் போய்ச் சரிபார்க்கிற ரகம். இதைச் சுற்றுலா என்று அவர்கள் சொல்லிக்கொள்கிறார்கள். கூடப் போகிறவர்களுக்கு அது கிளை அலுவலகத்துக்குத் திடீரென்று வந்து இறங்கிய ஆடிட் மாதிரிதான் இருக்கும். கையில் பழைய காட்சியின் படம், எதிரே கட்டடம். தூணுக்குத் தூண், ஓட்டுக்கு ஓடு டிக் அடிக்கப்படும். இயற்கை எழிலைப் பார்த்து இவர்கள் 'ஆகா' என்று சொல்லி யாரும் கேட்டதில்லை. இவர்களிடம் இருப்பது இரண்டே தீர்ப்புதான். ஒன்று, "அப்படியே இருக்கு!" இன்னொன்று, "மாத்திட்டாங்க!"

எங்கள் குடும்பத்தில் இந்த ரகத்தின் பிரதிநிதி என் சித்தப்பா. தொலைபேசித் துறையில் ஓய்வு பெற்றவர். அவருடைய தெய்வம் 'மால்குடி டேஸ்'. ஆர்.கே. நாராயண் கதைகளை வைத்து சங்கர் நாக் இயக்கி, 1986-ல் தூர்தர்ஷனுக்காக எடுத்த தொடர். நாராயணின் தம்பி ஆர்.கே. லக்ஷ்மண் வரைந்த கோட்டுச் சித்திரங்களோடு தொடங்கும். பின்னால் எல். வைத்தியநாதனின் அந்த மெட்டு. 'ஏழாவது மனிதன்' படத்துக்கு இசையமைத்த அதே வைத்தியநாதன்தான். நாற்பது வயதைக் கடந்த எந்தத் தமிழரிடமும் அந்த மெட்டின் முதல் நாலு ஸ்வரத்தை முணுமுணுத்துப் பாருங்கள், மீதியை அவரே முடித்துவிடுவார்.

இதில் ஒரு சின்னச் சிக்கல். தொடர் வந்தது இந்தியில். சித்தப்பாவுக்கு இந்தி தெரியாது. குடியிருப்பில் ஒரே டிவி, அதன் முன்னால் நாற்பது பேர், அவர்களில் இந்தி தெரிந்தவர் ஒருவர். அவரும் அடிக்கடி டூட்டிக்குப் போய்விடுவார். ஆகவே சித்தப்பா பார்த்த மால்குடியில் பாதியைத்தான் நாராயண் எழுதினார். மீதி பாதி சித்தப்பாவின் சொந்தப் படைப்பு. இது அவருக்கே தெரியாது என்பதுதான் விசேஷம்.

இப்படிப்பட்டவர் ஓய்வுக்குப் பிறகு யூடியூபில் அந்தத் தொடரை மறுபடி கண்டெடுத்தால் என்ன ஆகும்? ஒரு நீளமான நோட்டு வாங்கினார். ஒவ்வொரு எபிசோடையும் நிறுத்தி நிறுத்திப் பார்த்து, திண்ணை, ஜன்னல், மரம், வளைவு என்று குறித்தார். சத்தம் கூடாது என்று சித்தி சொல்லிவிட்டதால், இந்தத் தடவையும் வசனம் கேட்காமலேதான் பார்த்தார். நோட்டு நிரம்பியதும் எனக்கு போன் வந்தது. "டேய், உன் கார்ல டிக்கி பெரிசுதானே?"

பெங்களூருக்குள் நுழைந்ததுமே யாத்திரை தொடங்கிவிட்டது. 'ஆட்டோ ராஜா' படத்தில் நடித்ததிலிருந்து சங்கர் நாக் கர்நாடக ஆட்டோக்காரர்களின் குலதெய்வம். 1990-ல் கார் விபத்தில் சாகும்போது அவருக்கு 35 வயதுதான். இன்றைக்கும் பல ஆட்டோக்களின் முதுகில் அவர் படம் சிரிக்கும். அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் சித்தப்பா காருக்குள்ளிருந்து கையை உயர்த்தி வணக்கம் போட்டார். தும்கூர் சாலை சிக்னலுக்குள் மூன்று ஆட்டோக்கள் எங்களை ஓரங்கட்டி, எங்கே போகணும் என்று கேட்டுவிட்டன.

முதல் ஸ்தலம், அரசாளு ரயில் நிலையம். ஷிவமொக்காவிலிருந்து தாளகுப்பா போகிற பாதையில், காட்டு ஓரத்தில் இருக்கிற குட்டி ஸ்டேஷன். தொடரில் மால்குடி ஸ்டேஷனாக வந்தது இதுதான். பழைய ஓட்டுக் கட்டடத்தை ரயில்வே இடிக்காமல் வைத்து, 2020-ல் 'மால்குடி அருங்காட்சியகம்' ஆக்கிவிட்டது. தொடரின் கலை இயக்குநர் ஜான் தேவராஜே வந்து அதையும் செய்து கொடுத்தார். ஒரு பழைய ரயில் பெட்டியை டீக்கடையாக்கியிருக்கிறார்கள். சித்தி நேராக அங்கே போய் உட்கார்ந்துகொண்டார். எந்த ஊருக்குப் போனாலும் உருப்படியான இடம் எது என்பது சித்திக்கு இறங்கியதுமே தெரிந்துவிடும்.

சித்தப்பா பிளாட்பாரத்தில் நின்று தண்டவாளத்தை வெறித்தார். முகம் மாறியது. "மாத்திட்டாங்கடா!"

படம் எடுத்த காலத்தில் அது மீட்டர் கேஜ். தண்டவாளங்களுக்கு நடுவில் ஆயிரம் மில்லிமீட்டர். இப்போது அகலப் பாதை, 1,676 மில்லிமீட்டர். சித்தப்பாவைப் பொறுத்தவரை அது 676 மில்லிமீட்டர் துரோகம். அங்கே இருந்த ரயில்வே ஊழியரிடம் போய்க் கேட்டேவிட்டார். அவர் பத்ராவதிக்காரர், இரும்பாலைக்கு வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த ஊர். அதனால் தமிழிலேயே பதில் சொன்னார்.

"சார், அகலப்படுத்தினதாலதான் பெங்களூர் வண்டியெல்லாம் இந்தப் பக்கம் வருது."

"வரட்டும். சுவாமி நின்ன பிளாட்பாரம் இல்லையா இது? அந்தப் பையன் மனசு என்ன பாடுபடும்?"

ஊழியர் என்னைப் பார்த்தார். நான் ரயில் பெட்டியைப் பார்த்தேன். சித்தி டீயைப் பார்த்தார்.

'சுவாமியும் சிநேகிதர்களும்' கதை ஸ்டேஷனில்தான் முடியும். மாற்றலாகிப் போகிற ராஜம் ரயிலில் உட்கார்ந்திருக்கிறான். சண்டை தீராமலே பிரிகிற சிநேகிதனுக்கு ஒரு புத்தகத்தைக் கொடுத்துவிட சுவாமி பிளாட்பாரத்தில் தவிப்பான். படிக்கிற எவருக்கும் தொண்டை அடைக்கிற இடம். அந்தக் காட்சியைத் தாமே நடித்துக் காட்டுவது, நான் அதை வீடியோ எடுப்பது என்று ஏற்பாடு. நல்ல வேளையாக ஒரு ரயிலும் வந்து நின்றது. புத்தகத்துக்கு எங்கே போவது? கக்கத்தில் இருந்த நோட்டை எடுத்துக்கொண்டார். வண்டி நகர்ந்தது. சித்தப்பா பக்கத்திலேயே மூச்சிரைக்க நாலு எட்டு ஓடி, உள்ளபடியே கண் கலங்க, நோட்டை ஜன்னலை நோக்கி நீட்டினார்.

ஜன்னலில் இருந்த பெரியவர் அதை வாங்கிக்கொண்டார்.

யாராவது எதையாவது நீட்டினால் வாங்கிக்கொள்வதுதானே மரியாதை? கும்பிடுகூடப் போட்டார். ரயில் வளைவில் திரும்பி மறைந்தது. எபிசோடு வாரியாக, கேமரா கோணம் வாரியாகக் குறித்த அத்தனை திண்ணைகளும் தாளகுப்பாவுக்குப் போய்ச் சேர்ந்தன. வீடியோ மட்டும் நன்றாக வந்திருந்தது. சித்தியின் சிரிப்புச் சத்தம் பின்னணியில் கொஞ்சம் அதிகம்.

"பரவாயில்லை. எல்லாம் மனசுல இருக்கு" என்றார் சித்தப்பா. எனக்கு அதுதான் பயம்.

அடுத்த ஸ்தலம், தொடரை எடுத்த ஆகும்பே. போகிற வழியில், தீர்த்தஹள்ளி சாலையில் சக்ரேபைலு யானை முகாம் வருகிறது. துங்கா தண்ணீரில் யானைகளைக் குளிப்பாட்டுவார்கள். யானை தொடரில் வந்ததா என்று அரை நிமிடம் யோசித்துவிட்டு, "இல்லை, நேரா போ" என்றார். மண்டகத்தே பறவைகள் சரணாலயத்துக்கும் அதே கதிதான். மதியம் நீர் தோசை சாப்பிட்ட கடையில்தான் ஒரு மாறுதல். தொடரில் வராத அந்த நீர் தோசையை மட்டும் ஏழெட்டு முறை திரும்பத் திரும்பச் சரிபார்த்தார்.

வழியில் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். நாராயணின் மால்குடிக்குச் சரயு என்று ஒரு ஆறு உண்டு, மெம்பி மலை உண்டு, ஊரோ எந்த வரைபடத்திலும் கிடையாது. அவர் சென்னை புரசைவாக்கத்தில் பிறந்து மைசூரில் வாழ்ந்தவர், ஆகும்பேயை நினைத்து அவர் எழுதவில்லையே என்றேன். அதோடு விட்டேனா? அவர் நாவலை வைத்து 1965-ல் வந்த 'கைடு' படத்துக்காக அமெரிக்க, இந்தியப் படக்குழு மைசூருக்கு வந்தபோது, நாராயணே அவர்களைக் காரில் கூட்டிக்கொண்டு போய், காவிரிக் கரைப் படித்துறை, ஆலமரத்தடிக் கோயில் என்று கதை நடந்த இடங்களாகத் தாம் நினைத்தவற்றைக் காட்டினார். அவர்கள் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு ராஜஸ்தானுக்குப் போய்ப் படம் பிடித்தார்கள். அந்த வயிற்றெரிச்சலை அவர் ஒரு கட்டுரையாகவே எழுதி வைத்திருக்கிறார். தம் ஊர் எது என்பதில் எழுதியவர் சொல்லே செல்லவில்லை என்பதற்காக இதைச் சொன்னேன்.

சித்தப்பா கொஞ்ச நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"அவர் எழுதினவர்தானேடா. பார்த்தவனுக்குத்தான் தெரியும்."

ஆகும்பே மேற்குத் தொடர்ச்சி மலையின் விளிம்பில் உட்கார்ந்திருக்கிற ஊர். வருஷத்துக்குச் சராசரியாக 7,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. சென்னையைப் போல ஐந்து மடங்கு. சுற்றிலும் உள்ள காடு ராஜநாகத்துக்குப் பேர்போனது. ரோமுலஸ் விட்டேக்கர் 2005-ல் இங்கே ஒரு மழைக்காட்டு ஆராய்ச்சி நிலையமே தொடங்கினார். ராஜநாகம் என்றதும் சித்தி காலைத் தூக்கி சீட்டில் வைத்துக்கொண்டார்.

"சீரியல்ல ராஜநாகம் வரவே இல்லை, பயப்படாதே" என்றார் சித்தப்பா. அதற்குப் பிறகு அந்தக் காட்டில் பாம்புக்கு என்ன உரிமை?

சாயங்காலம் மலை விளிம்புக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மழை ஓய்ந்த நவம்பர். மடிப்பு மடிப்பாக மலைகள் நீலமாக இறங்கி, தூரத்தில் அரபிக்கடல் ஒரு வெள்ளிக் கோடாக மின்னியது. கூட்டம் முழுக்கச் சூரியனைப் பார்த்து நின்றது. சித்தப்பா மட்டும் திரும்பி நின்று, வந்த சாலையின் வளைவைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாட்டு வண்டி வருகிற ஷாட் இங்கேதானாம். சூரியன் பாட்டுக்கு இறங்கியது. அந்தச் சூரியன் எந்த எபிசோடு என்று சித்தப்பா கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லாததால் வழக்கு தள்ளுபடி ஆனது.

பிரதான சந்நிதி மறுநாள் காலை. 'தொட்டமனை' என்கிற பெரிய வீடு. சுவாமியின் வீடாக வந்தது. உள்ளே நடுமுற்றம், சுற்றிக் கருத்துப் பளபளக்கும் மரத்தூண்கள். அப்பா கிரிஷ் கர்னாட் மிரட்டலாக உலவ, மாஸ்டர் மஞ்சுநாத் அவர் கண்ணில் படாமல் நழுவியதெல்லாம் இங்கேதான். குடும்பம் இன்னும் அங்கேயே வாழ்கிறது. வருகிறவர்களை உட்கார வைத்து, கொத்தமல்லியும் சீரகமும் மிளகும் வறுத்துப் பொடித்து வெல்லமும் பாலும் சேர்த்த சூடான கஷாயம் கொடுக்கிறார்கள். இந்தப் பொறுமையை லேசாக நினைக்கக் கூடாது. அமெரிக்காவில் ஆல்பகர்கி நகரத்தில், 'பிரேக்கிங் பேட்' தொடரில் கதாநாயகன் வீடாக வந்த வீட்டுக்காரர்கள் பட்ட பாடு ஊரறிந்தது. கதையில் கோபத்தில் ஒரு பீட்சாவைக் கூரைமேல் எறிவான். ரசிகர்களும் ஆளுக்கொரு பீட்சா வாங்கி வந்து அதே கூரையில் எறிந்தார்கள். வேண்டாமய்யா என்று தொடரை எடுத்த வின்ஸ் கில்லிகனே கேட்டுக்கொண்டும் ஓயவில்லை. 2017-ல் அந்தக் குடும்பம் வீட்டைச் சுற்றி இரும்பு வேலி போட்டது. அந்தக் கணக்கில் சித்தப்பா பரம சாது. எதையும் எறியமாட்டார். காணோம் என்றுதான் சொல்வார்.

முதலில் ஒரு தூணைக் கட்டிப்பிடித்தார். செல்போனில் இருந்த படத்தைத் தூணுக்கு நேரே பிடித்து, ஒரு கண்ணை மூடி, அரை அடி பின்னால் போய், கால் அடி இடப்பக்கம் நகர்ந்து, மூச்சை அடக்கி நின்றார். கோடும் கோடும் சேர்ந்துவிட்டன. "அப்படியே இருக்கு!" என்றபோது குரல் உடைந்தது. எனக்கே என்னவோ போல் ஆகிவிட்டது, சிரிக்கத் தோன்றவில்லை.

அது நீடித்தது ஒரு நிமிடம்தான். "கிணறு எங்கே?" என்றார்.

"எந்தக் கிணறு சித்தப்பா?"

"சுவாமி கணக்கு நோட்டைத் தூக்கிப் போடுவானே, வாசலுக்கு இடப்பக்கம்!"

நானும் அந்தத் தொடரை முழுக்கப் பார்த்தவன். கணக்கு நோட்டு கிணற்றில் விழுந்த கதை எனக்குத் தட்டுப்படவில்லை. வசனம் கேட்காமல் பார்த்தால் சில கிணறுகள் தானாகவே ஊறும் போலிருக்கிறது. சித்தப்பா வீட்டுப் பெண்மணியிடம் தமக்குத் தெரிந்த கன்னடத்தில் விசாரித்தார். தமிழில் 'ப' வருகிற இடத்திலெல்லாம் 'ஹ' போட்டால் கன்னடம் என்பது அவர் கொள்கை. அந்த அம்மா இரண்டு தடவை பொறுமையாகக் கேட்டு, வாசலின் இடப்பக்கத்தை எட்டிப் பார்த்து, இல்லை என்று தலையசைத்து, இன்னொரு டம்ளர் கஷாயம் கொண்டுவந்து வைத்தார்.

"மூடிட்டாங்க. விவரம் தெரியாம மூடிட்டாங்க" என்று என் காதில் சொன்னார் சித்தப்பா.

"ஏங்க, அவங்க பிறந்து வளர்ந்த வீட்டை விடவா உங்களுக்குத் தெரியும்?" என்றார் சித்தி.

"அவங்க சீரியல் பார்த்திருக்கமாட்டாங்க. இங்கே இருக்கிறவங்களுக்கு ஏது நேரம்?"

அந்த நேரம் பார்த்து ஹூப்ளியிலிருந்து ஒரு குடும்பம் வந்து இறங்கியது. கணவன், மனைவி, இரண்டு பெண் குழந்தைகள். கையில் போன், கண்ணில் அதே தேடல். சித்தப்பா ஒரு நொடியில் இனம் கண்டுகொண்டார். எந்தத் தூண், எந்தப் படி, கர்னாட் எங்கே சாய்வு நாற்காலி போட்டிருந்தார் என்று கையால், காலால், மிச்சத்தை அந்த மெட்டால் விளக்கினார். அவர்கள் பயபக்தியோடு பின்னாலேயே நடந்தார்கள். கடைசியில் வாசலுக்கு வந்து, இடப்பக்கம் வெறும் தரையைக் காட்டி, குனிந்து எட்டிப் பார்ப்பது போல் நடித்து, நோட்டைத் தூக்கிப் போட்டு, "தொபுக்" என்று வாயால் சத்தமும் கொடுத்தார்.

அந்த மனிதர் முகம் மலர்ந்தது. "ஆமாம், ஆமாம், எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு!" என்று இந்தியில் கூவி, மனைவியையும் குழந்தைகளையும் அந்த இடத்தில் வரிசையாக நிற்க வைத்தார். யாரும் ஒரு அடி முன்னால் வந்துவிடாமல் சித்தப்பாவே பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டார். உள்ளே விழுந்துவிடக் கூடாதாம்.