குடும்பக் காரும் பின்னிழு வண்டியும்: தொண்டியை முன்வைத்து ஒரு தொடக்கநிலை ஆய்வு

இயல் 1: எந்தத் தொண்டி?

தொண்டியைப் பற்றி எழுதுகிறவர் முதலில் ‘எந்தத் தொண்டி?’ என்ற கேள்விக்கு நாற்பது பக்கமாவது ஒதுக்கியாக வேண்டும். அது ஆய்வுலகின் எழுதாச் சட்டம். ஐங்குறுநூற்றில் ஒரு பத்தையே தன் பெயரில் பெற்றது மேலைக் கடற்கரையில் இருந்த சேரர் துறைமுகம். நம்முடையது கீழைக் கரையில், திருவாடானை வட்டத்தில், பாக் நீரிணையைப் பார்த்துக் கிடப்பது. இந்தச் சண்டையில் மண்டை உடைந்தவர்களின் வசதிக்காகவோ என்னவோ, 85-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை கொச்சியில் புறப்பட்டு மூணாறு, மதுரை, சிவகங்கை வழியாக நம் தொண்டியில் வந்து முடிகிறது. இரு தரப்பாரும் ஒரே காரில் ஏறிக்கொண்டு, மேற்கோள் மூட்டைகளைப் பின்னால் ஒரு டிரெய்லரில் கட்டி இழுத்து வரலாம். அப்படி வரும்போது மூட்டை சரியாமல், கார் கவிழாமல் வந்து சேர்வது எப்படி என்பதே இவ்வாய்வின் பொருள்.

இயல் 2: பெயர்க்காரணம்

வாசகர் நலன் கருதித் தவிர்க்கப்படுகிறது.

இயல் 3: ஆய்வின் எல்லை

‘கார்’ என்பது இங்கே டிக்கி துருத்திய நான்கு கதவுக் காரை (செடானை) மட்டும் குறிக்கும். டிராக்டர், டி.வி.எஸ். 50, மாட்டுவண்டி மூன்றும் விலக்கப்பட்டன. இந்தப் பக்கத்தில் எதையாவது இழுப்பவை அவை மட்டும்தானே என்று நண்பர் ஒருவர் சுட்டிக்காட்டினார். நன்றியுரையிலிருந்து அவர் பெயர் நீக்கப்பட்டது. பிறகு நன்றியுரையும் நீக்கப்பட்டது.

இயல் 4: சட்டம்

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 2(28) பிரிவுப்படி டிரெய்லரும் ஒரு மோட்டார் வாகனமே. அதற்கு எஞ்சின் கிடையாது, ஸ்டீயரிங் கிடையாது, முன்னால் ஒருவர் இழுக்காவிட்டால் ஓர் அங்குலம் நகராது. அதற்கு எப்படி இந்தப் பட்டம் கிடைத்தது என்று வியப்பவர்கள் நம் பல்கலைக்கழகத் துறைகளுக்குள் போய்வராதவர்கள். பட்டம் கிடைத்துவிட்டதால் அதற்குப் பதிவும் தேவை.

பழுதான காரைக் கயிறு கட்டி இழுப்பது வேறு கதை. 2017 வரை நடப்பிலிருந்த 1989-ஆம் ஆண்டு சாலை விதிமுறைகள் அதற்கு அளவெல்லாம் வகுத்துக் கொடுத்தன: இரண்டு வண்டிக்கும் இடைவெளி 5 மீட்டருக்கு மேல் போகக் கூடாது; வேகம் மணிக்கு 24 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது; ‘இழுத்துச் செல்லப்படுகிறது’ என்பதற்கான ஆங்கில அறிவிப்பு 75 மில்லிமீட்டர் உயர எழுத்தில் பின்னால் தொங்க வேண்டும். ஏன் 25 இல்லாமல் 24? மைல் கணக்கில் அது 15 என்பார் ஒரு சாரார் (டீக்கடை, காலை அமர்வு). சட்டம் எழுதியவருக்கு 25 பிடிக்காது என்பார் மறுசாரார் (மேற்படி, அதே பெஞ்சு, தூணோரம்).

இயல் 5: எடை

இது ஒன்றுதான் உயிர் போகிற விஷயம் என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். டிரெய்லரின் மொத்த எடையில் பத்திலிருந்து பதினைந்து சதவீதம் காரின் பின்பக்கக் கொக்கியின் மேல் உட்கார வேண்டும். அதாவது கல்யாண வீட்டுத் தேக்சாவும் கிரைண்டரும் அச்சுக்குச் சற்று முன்னால் இருக்க வேண்டும். பாயும் தலையணையும் பின்னால் போகலாம். மாற்றி ஏற்றினால், வேகம் கூடியதும் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பக்கவாட்டுக் காற்று அடிக்கும்போதும், பெரிய லாரி ஒன்று ஒட்டி முந்தும்போதும் ஆட்டம் கூடும். அப்போது பிரேக்கை ஓங்கி மிதிக்கக் கூடாது, ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் வெட்டக் கூடாது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, வேகம் தானாகக் குறைய விட வேண்டும். முன்னால் எடை அளவுக்கு மீறினாலும் ஆபத்துதான்: முன்சக்கரம் இழுக்கும் காரில் மூக்கு தூக்கி, திருப்பினால் திரும்பாது. கொக்கிக்கு அடியில் இரண்டு சங்கிலிகளைக் குறுக்காக மாட்டுங்கள். கொக்கி கழன்றால் டிரெய்லரின் முனை தரையில் குத்தாமல் அவை தாங்கிக்கொள்ளும்.

இயல் 6: ரிவர்ஸ்

ஆய்வாளருக்குத் தூக்கம் கெட்ட இடம் இது. டிரெய்லர் மாட்டிய காரைப் பின்னால் எடுக்கும்போது ஸ்டீயரிங்கை இடப்பக்கம் திருப்பினால் டிரெய்லர் வலப்பக்கம் போகும். பரிகாரம் எளிது: ஸ்டீயரிங்கின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, டிரெய்லரின் வால் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்தினால் போதும். இயந்திரவியல் இத்தோடு முடிந்தது. மானிடவியல் இனிமேல்தான்.

தமிழ்நாட்டில் ரிவர்ஸ் எடுக்கும் எந்த வண்டிக்குப் பின்னாலும் ஒருவர் தோன்றுவார். எங்கிருந்து வந்தார், யார் அழைத்தார் என்பதற்குச் சான்று இல்லை. இவர்களை நான்கு மரபினராகப் பகுக்கலாம்.

வரட்டும் மரபு: “வரட்டும், வரட்டும், வரட்டும்” என்று ஒரே சுருதியில் ஓதுவது. சுவரில் இடிப்பதற்கு முன்னும் பின்னும் சுருதி மாறாது.

தட்டல் மரபு: வண்டியின் முதுகில் அறைவது. இரண்டு அறை என்றால் நிறுத்து என்பது வடக்குத்தெருப் பாடம். போ என்பது தெற்குத்தெருப் பாடம். இரு தெருவிலும் சுவர்களில் கீறல் உண்டு.

மௌன மரபு: கண்ணாடியில் தெரியாத இடமாகப் பார்த்து நின்று கையை மட்டும் ஆட்டுவது.

பன்மை மரபு: மாமா “ரைட்ல ஒடி மாப்ள” என்பார். மச்சான் “லெஃப்ட்ல ஒடி” என்பார். உள்ளே இருந்து அத்தை “மொதல்ல நிப்பாட்டுங்க” என்பார். மூவரில் அத்தையின் பாடமே மூலபாடம் என்று துணியலாம் (டீக்கடை, மாலை அமர்வு, மூன்றாம் கிளாஸ், நுரை அடங்கிய பின், பாடபேதம்: ‘ஒடி’ என்பதை ‘ஓடி’ என்று கேட்டு ஓடிப்போனவர் திரும்பி வந்து சொன்னது, பஜ்ஜித் தாளில் எண்ணெய் ஊறி இரண்டு வரி சிதைவு, அவ்விரு வரியையும் உரையாசிரியர் ஊகித்து நிரப்பினார், ஊகம் தவறு என்று அவர் மைத்துனர், மைத்துனருக்குக் கார் ஓட்டத் தெரியாது என்று உரையாசிரியரின் இரண்டாம் பதிப்பு).

‘ரைட்ல ஒடி’ என்றால் ஸ்டீயரிங்கையா, டிரெய்லரையா? இதைக் கிளம்பும் முன்பே பேசி முடித்துவிட வேண்டும். வழி காட்டுபவர் ஒருவராக இருக்க வேண்டும். ஓட்டுபவரின் கண்ணாடியில் அவர் தெரிய வேண்டும். தெரியாமல் போன கணமே வண்டி நிற்க வேண்டும். இப்படி வழி காட்டுபவர்கள் முனைவர் பட்ட நெறியாளர்களைப் போன்றவர்கள் என்ற கருத்தும் உண்டு: பின்னால் நின்று ஐந்தாண்டு “வரட்டும், வரட்டும்” என்பார்கள், இடித்த சத்தம் கேட்டதும் இருக்க மாட்டார்கள். ஆய்வாளர் இதில் கருத்துச் சொல்ல விரும்பவில்லை.

இயல் 7: கடல்

டிரெய்லரில் படகேற்றி வந்து, ஓடிச் சூடான சக்கரத்தை அப்படியே கடல்நீரில் இறக்கினால் பேரிங் உப்புநீரை உறிஞ்சிக்கொள்ளும். ஆறவிட்டு இறக்குங்கள், பிறகு கிரீஸ் வையுங்கள். தொண்டிக் கரை ஆழமற்றது, சேறு. அங்கே செடானோடு இறங்குபவரை இழுக்க ஒரு டிராக்டர் வர வேண்டியிருக்கும்.

இயல் 8: முடிவு

2005-இல் டாட்டா ஏஸ் வந்து, ஊர் அதற்குக் குட்டியானை என்று பெயரும் வைத்துவிட்ட பிறகு, செடானில் டிரெய்லர் இழுக்கத் தொண்டியில் ஒருவருக்கும் காரணம் இல்லை. ஆகவே இவ்வாய்வின் பொருள் இவ்வூரில் இல்லை. ஆய்வுக்கு இது தடையில்லை என்பதற்கு முன்னுதாரணங்கள் ஏராளம்.

அப்படியும் இழுத்தே தீருவேன் என்பவர்கள் காரோடு தந்த கையேட்டைப் பிரித்து, எவ்வளவு எடை இழுக்கலாம் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இழுக்காதே என்றிருந்தால் குட்டியானைக்காரருக்குப் போன் போடுங்கள். வாடகையைச் சாமான் ஏற்றுவதற்கு முன்னாலேயே பேசிக்கொள்ளுங்கள்.