தரையும் கூரையும்

கேள்வி: கணிதத்தில் தரைச் சார்பு, கூரைச் சார்பு என்று இரண்டு உண்டாமே, அப்படியானால் சுவர் எங்கே ஐயா?

சுவர்கள் இரண்டும் தங்கள் கண்முன்னேயே நிற்கின்றன! 1808-ஆம் ஆண்டில் ஜெர்மானியக் கணித மேதை காஸ், ஓர் எண்ணின் முழுப்பகுதியைக் குறிக்கக் கையாண்ட சதுர அடைப்பை மனத்தில் நிறுத்தி, அதன் மேல்முனைகளை நீக்கினால் ⌊ ⌋ என்று தரையும், கீழ்முனைகளை நீக்கினால் ⌈ ⌉ என்று கூரையும் எஞ்சுவதைக் காண்பீர்கள். இவ்வளவு சிக்கனமாய் அர்த்தத்தையும் ரூபத்தையும் ஒன்றாக்கிய பெருமை, 1962-இல் இக்குறிகளையும் பெயர்களையும் தம் நூலில் வழங்கிய கென்னத் ஐவர்சனையே சாரும்.

கேள்வி: 2.5-இன் தரை 2 என்றால், -2.5-இன் தரை -2 தானே?

தரை எப்போதும் காலுக்குக் கீழே அல்லவா இருக்கும்? பூஜ்யத்துக்குக் கீழே இறங்கிவிட்டவனுக்கும் அதே நியாயந்தான். ஆகவே விடை, -2.5-க்குக் கீழே முதலில் வரும் முழு எண்ணான -3. அந்த -2 அவனுக்குக் கூரை.

கேள்வி: இக்குறிகளை அச்சுக் கோக்கையில் கவனிக்க வேண்டியது யாது?

உள்ளே உயரமான பின்னம் ஒன்று நிற்க, குறிகள் அதன் இடுப்பளவோடு நின்றுவிடுவது கண்ணை உறுத்தும். லேடெக் என்னும் அச்சுக்கோப்பு மென்பொருளில் இக்குறிகளுக்கு முன் 'லெஃப்ட்', 'ரைட்' என்னும் கட்டளைகளை இட்டால், அவை பின்னத்தோடு தாமே வளரும். அச்சுக் கோக்கும் அன்பர்களே, தயவுசெய்து சுவரை உயர்த்திக் கட்டுங்கள்!